கேரம் ஸ்ட்ரைக்கர் கணக்கு: விடை ஏன் 1.5 இல்லை?

கேள்வி:
பிளஸ் ஒன் படிக்கிறேன், அண்ணா அக்கா யாராவது சொல்லுங்கள். 15 கிராம் ஸ்ட்ரைக்கர் 2 மீ/வி வேகத்தில் போய், அசையாமல் கிடக்கும் 5 கிராம் காயை ஓரமாக இடிக்கிறது. காய் 60 டிகிரி விலகி 1.5 மீ/வி வேகத்தில் ஓடுகிறது. ஸ்ட்ரைக்கரின் வேகம் என்ன? மொத்த உந்தம் (நிறை × வேகம்) 15 × 2 = 30, அதில் காய்க்கு 7.5 போனால் மீதி 22.5, 15 ஆல் வகுத்தால் 1.5. புத்தகத்தில் 1.8 என்று இருக்கிறது. நாளை மறுநாள் தேர்வு.

பதில் 1:
தம்பி, மோதலில் மொத்த உந்தம் மாறாது என்ற விதி சரி, கழித்த விதம்தான் தப்பு. உந்தத்துக்குத் திசை உண்டு. காய் சாய்வாக ஓடும்போது அதன் 7.5 முழுவதும் முன்பக்கம் போவதில்லை, அப்புறம் எப்படி 30இலிருந்து அப்படியே கழிப்பது? முதலில் படம் போடுங்கள், ஸ்ட்ரைக்கர் வந்த திசைதான் எக்ஸ் அச்சு.

எக்ஸ் திசையில் காயின் பங்கு 7.5 × காஸ் 60 = 3.75. மீதி 26.25, வகுத்தால் 1.75.

ஒய் திசையில் மோதலுக்கு முன் உந்தமே இல்லை, அதனால் பிறகும் மொத்தம் சுழிதான். காய் ஒரு பக்கம் 7.5 × சைன் 60 = 6.5 கொண்டுபோனால் ஸ்ட்ரைக்கர் எதிர்ப்பக்கம் அதே 6.5 கொண்டுபோக வேண்டும், அதாவது 0.43 மீ/வி. பலரும் கோட்டைவிடுவது இந்த வரியில்தான்.

1.75, 0.43 இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 1.80. விலகும் கோணம் சுமார் 14 டிகிரி.

பதில் 2:
இயக்க ஆற்றலையும் போட்டுப் பாருங்கள். முன்பு அரை × 15 × 4 = 30, பின்பு 24.4 + 5.6 = 30. ஆகவே இது மீட்சி மோதல், அதாவது மொத்த இயக்க ஆற்றல் குறையாத மோதல். ஆற்றல் குறைந்திருந்தாலும் மேலே போட்ட உந்தக் கணக்கு மாறாது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா, ஒய் அச்சையே நான் யோசிக்கவில்லை. ஆனால் மோதிய பின் இரண்டும் 90 டிகிரியில் பிரியும் என்று டியூஷனில் சொன்னார்களே, இங்கே 60 + 14 = 74 தானே வருகிறது?

பதில் 3:
இரண்டும் ஒரே நிறை, ஒன்று ஓய்வில், மோதல் மீட்சி, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் 90. அப்போது சமன்பாடுகளில் நிறை இருபுறமும் அடிபட்டுப்போகும், மூன்று திசைவேகங்களும் ஒரு முக்கோணமாகும், ஆற்றல் சமன்பாடு அதைச் செங்கோண முக்கோணமாக்கிவிடும். பவுடர் போட்ட போர்டில் ஒரு காயால் இன்னொரு காயைச் சுண்டிப் பாருங்கள், 90க்குக் கொஞ்சம் குறைவாகப் பிரியும், ஏனென்றால் நிஜக் காய்கள் முழு மீட்சியோடு மோதுவதில்லை.

ஸ்ட்ரைக்கரோ மூன்று மடங்கு கனம். எப்படி இடித்தாலும் 19.5 டிகிரிக்கு மேல் அது விலகாது (சைன் மதிப்பு 5/15). கட் அடித்த பிறகும் ஸ்ட்ரைக்கர் கிட்டத்தட்ட நேராகவே வழுக்கிப்போய்ப் பாக்கெட்டில் விழுந்து ஃபைன் வைப்பது இதனால்தான்.