கோல்டன் கேட் நீரிணையின் பழைய படம்: அடையாளம் காண உதவுங்கள்

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் நீரிணையைக் காட்டும் பழைய ஆல்புமென் பிரிண்ட் (முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்ட புகைப்படம்) ஒன்று கிடைத்திருக்கிறது. 1937இல் திறந்த பாலம் இதில் இல்லை. இருபுறமும் வெறும் பாறைதான். ஓரமெல்லாம் பழுப்பேறி, கடல்நீர் மட்டும் பால்போல வழவழப்பாக இருக்கிறது. நீண்ட எக்ஸ்போஷர் (லென்ஸை நெடுநேரம் திறந்து வைத்து எடுப்பது) காரணமாக இருக்கலாம்.

கீழே 'டேபர்' என்ற புகைப்படக்காரரின் பெயர். ஆனால் கார்ல்டன் வாட்கின்ஸ் என்ற இன்னொரு புகைப்படக்காரர் 1870களின் நடுவில் கடனில் மூழ்கி நெகடிவ்களை இழந்தார். டேபர் அவற்றைத் தன் பெயரிலேயே அச்சிட்டு விற்றார். பெரிய அநியாயம் அது! அப்புறம் 1906 நிலநடுக்கத் தீயில் வாட்கின்ஸிடம் மிச்சமிருந்தவையும் போயின.

எடுத்தவர் வாட்கின்ஸ்தானா என்று எதை வைத்துச் சொல்லலாம்? பழைய படங்களில் பழக்கமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். கேட்டால் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து போடுகிறேன்.