ரிமோட் பிளேன் காத்துல இறங்க மாட்டேங்குது, தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணாமாரே, இறக்கும்போது மூணாவது தடவையும் கவுந்துடுச்சு. ஹட்டன் பக்கம் தோட்டத்து கிரவுண்ட்; மேற்கே தேயிலை மலை, காத்து அதைத் தாண்டி உருண்டு விழுது. மார்ச்ல ஒரு தொல்லையும் இல்ல, ஜூன்ல இருந்துதான்.

ஃபோம்ல செஞ்ச பழகுற பிளேன், இறக்கை 1.4 மீட்டர், 3 செல் லிப்போ பேட்டரி. ஆளுயரத்துக்கு வந்ததும் காத்து சட்டுன்னு நிக்குது, இடது இறக்கை தொங்கி மூக்கு மண்ணுல. நேத்து முன்சில்லு கம்பி 'ட' மாதிரி வளைஞ்சிருச்சு.

ஃபிளாப்பை (இறக்கைக்குப் பின்னால கீழ மடங்குற தகடு) பாதியாக்கினேன். மூக்குல ஈயம் வச்சேன் (தம்பியோட தூண்டில் ஈயம், இன்னும் கேட்டுக்கிட்டிருக்கான்). பெரிய விமானத்துல காத்து 10 நொட் (வேக அளவு), திடீர் வீச்சு 20ன்னா வித்தியாசத்துல பாதி, 5 நொட், வேகத்தைக் கூட்டி இறக்குவாங்க. நானும் வேகம் கூட்டினேன், கிரவுண்ட் முடிஞ்சு தேயிலைக்குள்ள போயிடுச்சு.

இவ்வளவு சின்ன இடத்துல, சில்லு தரையைத் தொடுற வரைக்கும் த்ரொட்டிலை (மோட்டர் வேகத்தை) குறைக்காம வரணுமா?