ஆந்த்ராக்ஸ் பாட்டில் ஆண்டி கில் பேசுவது: 1978-ஆ, 1979-ஆ, 2005-ஆ?

பழைய ஊசி: கேங் ஆஃப் ஃபோர் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடல்களை 2005-இல் அவர்களே மறுபடி பதிவு செய்த ‘ரிட்டர்ன் தி கிஃப்ட்’ தொகுப்பில் கேட்டால் போதும், பழைய பதிவுகளின் ஒலி நோஞ்சானாக இருக்கிறது என்று நண்பர் தாளக்காரன் நேற்று தீர்ப்பெழுதிவிட்டுப் போயிருக்கிறார். எடின்பரோவின் ஃபாஸ்ட் புராடக்ட் என்ற சிறு இசைத்தட்டு நிறுவனம் 1978-இல் வெளியிட்ட மூன்று பாட்டுச் சிறுதட்டில் உள்ள ‘லவ் லைக் ஆந்த்ராக்ஸ்’ பாட்டை அவர் ஒருமுறையாவது கேட்டிருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம். பாடகர் ஜான் கிங் காதலால் அடிபட்டுக் கிடப்பவனாகப் பாடிக்கொண்டிருக்க, கிட்டார்காரர் ஆண்டி கில் பக்கத்தில் நின்று அந்தப் பாட்டு எப்படிப் பதிவு செய்யப்பட்டது என்ற தொழில்நுட்ப விவரங்களை எந்த உணர்ச்சியும் இல்லாமல் ஒப்பிக்கிறார். அந்த ஒப்பித்தல்தான் பாட்டு. மற்றதெல்லாம் நகல்.

தாளக்காரன்: ஐயா, நான் எழுதியது ஹியூகோ பர்ன்ஹாமின் டிரம்ஸைப் பற்றி. நீங்கள் பதில் சொல்லியிருப்பது கில்லின் பேச்சைப் பற்றி. 1979-இன் ‘எண்டர்டெயின்மெண்ட்!’ தொகுப்பில் டிரம்ஸ் எதிரொலியே இல்லாமல் வறண்டு கிடக்கிறது. நடன மேடைக்கான தாளத்தை அட்டைப்பெட்டிக்குள் அடைத்ததுபோல் இருக்கிறது. 2005 பதிவில்தான் அந்த அடி நெஞ்சில் விழுகிறது. வாசித்தவர்களும் அதே நால்வர்தான். இதில் நகல் எங்கிருந்து வந்தது?

இடதுகாது: இரண்டு பேருமே நடுவில் இருக்கும் தொகுப்பைத் தாண்டிக் குதிக்கிறீர்கள். பெரிய இசைத்தட்டு நிறுவனமான இஎம்ஐ 1979-இல் வெளியிட்ட ‘எண்டர்டெயின்மெண்ட்!’ தொகுப்பின் கடைசியில் ‘ஆந்த்ராக்ஸ்’ என்ற பெயரில் வரும் அதே பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். கிட்டார் ஒரு நிமிடத்துக்கு மேல் தன்னந்தனியாக ஊளையிட்ட பிறகுதான் டேவ் ஆலனின் பேஸும் டிரம்ஸும் நுழைகின்றன. பிறகு ஒரு காதில் கிங் பாட, மறு காதில் கில் பேசுகிறார். பாட்டுக் குழுக்கள் ஏன் காதலைப் பற்றியே இத்தனை பாட்டு எழுதுகின்றன என்பதுதான் அவர் பேச்சு. பாட்டின் கருத்தே அதில்தான் முழுமையடைகிறது. பதிவுக் குறிப்பை வாசிப்பது நல்ல குறும்பு, அவ்வளவுதான்.

பழைய ஊசி: குறும்பாம்! காதலைப் பற்றிப் பாடுபவனுக்குப் பக்கத்திலேயே காதல் பாட்டுகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினால் அது கோனார் உரை. கேட்பவனுக்குத் தானாகப் புரியாது என்று பயந்தவர்கள்தான் உரை சேர்ப்பார்கள். 1978-இல் அந்தப் பயம் இல்லை. பெரிய நிறுவனத்துக்குப் போனதும் வந்துவிட்டது. மறுபடியும் சொல்கிறேன், பதிவு விவரங்களை ஒப்பிக்கும் அந்தப் பேச்சுதான் பாட்டு.

இடதுகாது: பெரிய நிறுவனத்துக்குப் பயந்தவர்களா அவர்கள்? அதே 1979-இல், ‘அட் ஹோம் ஹீஸ் எ டூரிஸ்ட்’ பாட்டில் ஆணுறையைக் குறிக்கும் ஒரு சொல்லை பிபிசி தன் விருப்பப்படி மாற்றச் சொன்னதற்காக, அதன் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ தொலைக்காட்சி இசை நிகழ்ச்சியே வேண்டாம் என்று வெளியேறிய குழு அது.

பழைய ஊசி: அதைத்தான் நானும் சொல்கிறேன். ஒரு சொல்லுக்காகத் தொலைக்காட்சியையே உதறியவர்கள், ஆந்த்ராக்ஸில் ஒரு பேச்சு முழுவதையும் மாற்றினார்களே, யார் கேட்டார்கள்?

இடதுகாது: யாரும் கேட்கவில்லை, அவர்களாகவே மாற்றினார்கள். நன்றாக இருந்ததால் மாற்றினார்கள்! மேலும் அந்தச் சொல்லுக்குப் பதிலாக வேறொன்றைப் பாட அவர்கள் முதலில் இசைந்தார்கள் என்பதையும், அதுவும் போதாது என்று பிபிசி சொன்ன பிறகே வெளியேறினார்கள் என்பதையும் படித்துவிட்டுப் பேசலாம்.

கறுப்பு அட்டை: 2005 பதிவு எதற்காக வந்தது என்பதை யாரும் சொல்லக் காணோம். பழைய தட்டுகளின் விற்பனையில் இஎம்ஐயிடமிருந்து தங்களுக்குக் காசு வரவில்லை என்பதால், சொந்த உரிமையில் ஒரு பதிவு வேண்டுமென்று செய்தார்கள். வழக்கறிஞர் அலுவலகத்துக் காகிதத்தைக் கலை என்று கொண்டாட வேண்டாம்.

தாளக்காரன்: உழைத்தவன் தன் உழைப்பின் உரிமையைக் கேட்டால் அது கலையாகாதா? முதலாளித்துவத்தைக் கிழித்துத் தொங்கவிட்ட குழுவின் ரசிகர் பேசுகிற பேச்சா இது? காசுக்காகச் செய்ததால் டிரம்ஸ் கெட்டுப்போகவில்லை. அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டிதான்.

கறுப்பு அட்டை: தொகுப்போடு வந்த ரீமிக்ஸ் தட்டையும் உழைப்பின் உரிமைக் கணக்கில்தான் சேர்க்கிறீர்களா?

பழைய ஊசி: தாளக்காரன் எப்போதும் இப்படித்தான். இதே குழு 1980-இல் வெளியிட்ட மஞ்சள் அட்டைச் சிறுதட்டு விவகாரத்தில், ‘ஹீ’ட் செண்ட் இன் தி ஆர்மி’ பாட்டின் முதல் பதிவே 1981-இன் ‘சாலிட் கோல்ட்’ தொகுப்பில்தான் வந்தது என்று மூன்று பக்கத்துக்கு வாதாடியவர், அந்தப் பாட்டு உள்ள 1980 தட்டின் படத்தை நான் போட்டதும் ஒரு மாதம் இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

தாளக்காரன்: ஊருக்குப் போயிருந்தேன். ‘சாலிட் கோல்ட்’ பதிவே அந்தப் பாட்டின் சிறந்த பதிவு என்பதுதான் அன்றைக்கு என் வாதம், இன்றைக்கும் அதுவே. அமெரிக்க ஃபங்க் பதிவுகளில் கைதேர்ந்த ஜிம்மி டக்லஸ் அந்தத் தொகுப்பின் தயாரிப்புக்கு வந்த பிறகுதான் இந்தக் குழுவின் தாளத்துக்கு எலும்போடு சதையும் சேர்ந்தது. மறுபதிவென்றாலே மட்டம் என்பவர் இதற்கு என்ன சொல்கிறார்?

பழைய ஊசி: ‘சாலிட் கோல்ட்’ தொகுப்பில் சதை கூடியது உண்மை, வேகம் செத்ததும் உண்மை. அந்தக் கிட்டாருக்குச் சதை எதற்கு? வால்வு ஆம்ப்ளிஃபயர் தரும் கதகதப்பே வேண்டாமென்று டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் வாசித்த மனிதர் கில். தனி ஆவர்த்தனம் வர வேண்டிய இடத்தில் வாசிக்காமல் நிறுத்தி வெற்றிடம் விட்டவர். அந்த வறட்சியை அவர் விரும்பியே வைத்தார். வறண்ட கிட்டாருக்கு வறண்ட டிரம்ஸ், வறண்ட பேச்சு. வறண்ட பேச்சு இருப்பதோ 1978 பதிவில்.

இடதுகாது: வறட்சிக்காக வாதாடினால் நீங்கள் என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள். 1979 தொகுப்பைவிட வறண்டது எது? அதைத் தயாரித்தவர்களில் கில்லும் ஒருவர்.

பழைய ஊசி: நான் எந்தக் கட்சிக்கும் வரவில்லை. 1979-இல் ஒலி வறண்டது, பேச்சு ஈரமானது. காதலைப் பற்றிக் கருத்துச் சொல்வது ஈரம்.

தாளக்காரன்: அப்படியானால் என் நேற்றைய பதிவில் டிரம்ஸைப் பற்றி நான் சொன்னதை நீங்கள் இன்னும் மறுக்கவில்லை.

பழைய ஊசி: மறுக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. முதலில் ஃபாஸ்ட் தட்டைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

தாளக்காரன்: கேட்டிருக்கிறேன் ஐயா. அதிலும் டிரம்ஸ் சரியில்லை.