புதுப்பிப்பு: 1862 விக்டோரியா ரூபாயில் இருந்த கோடுகள்

ராணி முகத்துக்கு முன்னால் இருக்கும் இணைகோடுகள் கீறலா என்று கேட்டிருந்தேன். கீறல் இல்லை, நாணயம் அடிக்கும் அச்சை மெருகேற்றிய தடம்.

10 மடங்கு லென்ஸில், பக்கவாட்டு வெளிச்சத்தில் நாணயத்தைச் சுழற்றிப் பார்த்தால் கோடுகள் மேடாகத் தெரிகின்றன. அச்சில் விழுந்த கோடு காசில் மேடாகத்தான் பதியும். முகத்தின் விளிம்போடு நின்றுவிடுகின்றன. காரணம், அச்சில் முகம் பள்ளம். மெருகுக்கல் அங்கே எட்டாது. விபூதி போட்டுத் தேய்த்த கீறல் என்றால் குழிவாக இருக்கும், கன்னம் கூந்தல் எல்லாவற்றின் மேலும் ஓடும். (நம் வீடுகளில் பாதி வெள்ளிக்காசு கெட்டதே அப்படித்தான்.)

எடை 11.64 கிராம், இருக்க வேண்டியது 11.66. தேய்மானம் போக, சரி.

காசை பிவிசி பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்தாயிற்று. சென்னைப் புழுக்கத்தில் அது பச்சைப் பிசுக்கு விடும்.