பதினெட்டு வயதோடு தாபரிப்புப் பணம் நின்றுவிடுமா?

கொக்குவில் தாய்

எல்லோருக்கும் வணக்கம். நானும் பிள்ளையின் தகப்பனும் பிரிந்து 11 ஆண்டுகள். நீதவான் நீதிமன்றக் கட்டளைப்படி பிள்ளையைப் பராமரிக்கும் செலவுக்கு மாதம் 12,000 ரூபா தாபரிப்புப் பணம் வந்துகொண்டிருந்தது. மகளுக்கு 18 முடிந்த மாதத்தோடு அது நின்றுவிட்டது. அப்போது அவள் உயர்தர வகுப்பில் இருந்தாள். நான் கேட்கப் போகவில்லை. தையல் மெஷினை நம்பி இரண்டு ஆண்டுகளைக் கடத்திவிட்டேன்.

இப்போது அவளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடம் கிடைத்திருக்கிறது. கண்டிப் பக்கம் எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை. விடுதி, சாப்பாடு, போக்குவரத்து என்று எழுதிப் பார்த்துவிட்டுத் தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "பிள்ளைக்கு 18 ஆனதோடு என் கடமை முடிந்தது. கலியாணம் பொருந்தும்போது சொல், சீதனத்துக்கு என்னால் இயன்றதைச் செய்கிறேன்" என்றார். சட்டம் அப்படியா சொல்கிறது? சட்டம் எப்படி இருந்தாலும், இது நியாயமா?

வடமராட்சித் தகப்பன்

அக்கா, உங்கள் கஷ்டம் விளங்குகிறது. ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்லத்தான் வேண்டும். நான் 14 ஆண்டுகள் ஒரு மாதமும் தவறாமல் கட்டியவன். சம்பளத்திலேயே கழித்தார்கள். மிச்சத்தில்தான் வீட்டு வாடகையும் என் தாயின் மருந்தும். மகனுக்கு இப்போது 19. நான் கட்டிய காசில் வாங்கிய சைக்கிளில் என் படலையைக் கடந்துதான் டியூஷனுக்குப் போகிறான், தலையைத் திருப்புவதில்லை. "நான் பெரியவன், உங்களோடு கதைக்க விருப்பமில்லை" என்று சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறது என்றால், "நீ பெரியவன், இனி உன் பாட்டை நீ பார்" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா?

1945ஆம் ஆண்டிலிருந்து இலவசக் கல்வி உள்ள நாடு இது. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் கிடையாது. மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. தாயும் உழைக்கிறார். வாக்குப் போடும் வயது வந்த ஒருவரைத் தகப்பன் எத்தனை வயது வரைக்கும் சுமப்பது?

கோட்டடி எழுதுவினைஞர்

ஒரு சட்டத்தரணியிடம் ஒன்பது ஆண்டுகள் தாபரிப்பு வழக்குகளுக்கு மனு எழுதியவன் என்பதால் சொல்கிறேன். நான் சட்டத்தரணி அல்ல.

இப்போது நடைமுறையில் இருப்பது 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம். 1889இலிருந்து இருந்த பழைய கட்டளைச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது. இந்தச் சட்டம் பிள்ளைகளை வயதால் பிரிக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர் 'பிள்ளை'. 18க்கு மேல், 25க்குக் கீழ் இருப்பவர் 'வயது வந்த பிள்ளை'. இயலாமை உள்ள பிள்ளைகளுக்கு வேறொரு பிரிவு இருக்கிறது. ஆகவே 18 என்பது கடமையின் முடிவு அல்ல, ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாறும் இடம்.

கொக்குவில் அக்கா ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பிள்ளை' என்ற பிரிவில் கிடைத்த கட்டளையை வைத்துக்கொண்டு 18க்குப் பிறகும் பணம் தானாக வரும் என்று காத்திருப்பது பலனில்லை. வயது வந்த பிள்ளையாக மகளே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். அங்கே பார்ப்பது முக்கியமாக இவைதான்: மகளால் தன்னைத் தானே பராமரிக்க இயலுமா? தகப்பனிடம் போதிய வசதி இருந்தும் அவர் புறக்கணிக்கிறாரா, மறுக்கிறாரா? பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், விடுதிப் பற்றுச்சீட்டு, மாதச் செலவுக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். வெறுங்கையோடு போய் அழுதுவிட்டு வந்தவர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

வடமராட்சி அண்ணா சொன்னதிலும் ஒரு உண்மை இருக்கிறது. புதிய சட்டம் 'பெற்றோர்' என்றுதான் சொல்கிறது, தகப்பன் என்று மட்டும் அல்ல. தாயின் வருமானத்தையும் நீதவான் கேட்பார். தையல் வருமானத்தை மறைக்காமல் சொல்லுங்கள் அக்கா, மறைத்தால்தான் வழக்குக் கெடும். தகப்பனின் நிலைமை மாறியிருந்தால் தொகையைக் குறைக்கும்படி அவரும் கேட்கலாம். தானாக நிறுத்துவதற்கும் குறைக்கக் கேட்பதற்கும் வித்தியாசம் பெரிது. கட்டளை நடைமுறையில் இருக்கும்போது தானாக நிறுத்தியவர் பிடியாணையில் வந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

வடமராட்சித் தகப்பன்

25 வரைக்கும் என்று சட்டத்தில் இருப்பது தெரியும் தம்பி. 'தன்னைப் பராமரிக்க இயலாத' என்பதில் உள்ள 'இயலாத' என்ற சொல்தான் என் கேள்வி. கையும் காலும் நன்றாக இருக்கிற 20 வயதுப் பிள்ளை இயலாதவரா? அந்த வயதில் நான் பகலில் கடையில் நின்று இரவில் படித்தேன்.

ஸ்காபரோவிலிருந்து

நான் இங்கே கனடாவில் விவாகரத்தானவன், இரண்டு பிள்ளைகள். இங்குள்ள விவாகரத்துச் சட்டத்தில், வயது வந்த பிள்ளை நோய், இயலாமை 'அல்லது வேறு காரணத்தால்' பெற்றோரின் பொறுப்பிலிருந்து விலக முடியாமல் இருந்தால் அவருக்கும் பணம் உண்டு. முழுநேரப் படிப்பு அந்த 'வேறு காரணத்தில்' அடங்கும் என்று நீதிமன்றங்கள் காலங்காலமாக ஏற்று வருகின்றன. கையும் காலும் நன்றாக இருந்தால் இயலாமை இல்லை என்று இங்கே யாரும் வாதாட முடியாது.

ஆனால் பிள்ளையும் பங்கு போட வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். கோடை விடுமுறையில் வேலை, மாணவர் கடன், புலமைப்பரிசில் எல்லாம் கணக்கில் வரும். என் மூத்தவள் கோடையில் உழைத்தது போக மிச்சத்தை நானும் தாயும் வருமானத்துக்கு ஏற்பப் பிரித்துக்கொண்டோம். மனக்கசப்பு இல்லாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடந்தது. ஊரில் பகுதிநேர வேலை இந்த அளவுக்குக் கிடைக்காது என்பதும் தெரியும்.

திருநெல்வேலி மாணவி

நான் மருத்துவ பீடத்தில் இறுதி ஆண்டு. வடமராட்சி ஐயாவுக்குத்தான் எழுதுகிறேன், உங்கள் மகனுடைய இடத்திலிருந்து.

முதலில் வயதைச் சொல்கிறேன். நான் 2019இல் உயர்தரம் எழுதினேன், அப்போது 19. பிறகு கொரோனா வந்தது, அனுமதி இழுபட்டது, உள்ளே வரும்போது 21. மருத்துவப் படிப்பு ஐந்து ஆண்டுகள். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் இதே கதைதான். 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சையே 2023 தொடக்கத்தில்தான் நடந்தது. 25 என்று சட்டம் எழுதியவர்கள் தாராளமாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு அந்த எல்லைகூடப் போதவில்லை. எனக்கு 25 முடிந்துவிட்டது, படிப்பு முடியவில்லை.

வேலை செய்தால் என்ன என்று கேட்கிறீர்கள். காலையில் விரிவுரை, பிறகு வாட்டு, மாலையில் மீண்டும் வகுப்பு. வரவு 80 வீதத்துக்குக் குறைந்தால் பரீட்சையில் உட்கார முடியாது. இரவு ஒன்பது மணிக்கு மேல் பரமேஸ்வராச் சந்திக்குப் பக்கத்து அறையில் இரண்டு பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுத்தேன். அந்தக் காசு அறை வாடகையில் என் பாதிக்குக்கூட வரவில்லை. மகாபொல 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7500 ரூபாவானது. உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு மாதம் மூன்று வேளை சாப்பிட்டுப் பாருங்கள். முதலாம் ஆண்டில் எலும்புப் பெட்டியை மூத்த வகுப்பு அக்கா ஒருவர் இரவலாகத் தந்திருக்காவிட்டால் நான் உடற்கூற்றியலைப் படத்தில்தான் படித்திருப்பேன்.

21 வயதில் நானே என் அப்பாவுக்கு எதிராக விண்ணப்பம் போட்டேன். அம்மா போடச் சொல்லவில்லை, அழுதுகொண்டு தடுத்தார். தவணை நாளில் நீதிமன்ற விறாந்தையில் நின்றேன். அப்பா வந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு நேரே காண்கிறேன். காலர் தேய்ந்த வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பொலித்தீன் பை. பக்கத்தில் வந்து "சாப்பிட்டாயா?" என்றார். இல்லை என்றேன். பையிலிருந்து இரண்டு பணிஸ் எடுத்துத் தந்தார். கூப்பிடும்வரைக்கும் இருவரும் ஒரே வாங்கில் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு உள்ளே போய், இவர் என்னைப் புறக்கணிக்கிறார் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னேன். பணமும் வந்தது. ஆனால் அந்த நாளை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள் ஐயா.

உங்கள் மகன் தலையைத் திருப்பாமல் போவதை எழுதினீர்கள். நானும் அப்படிப் போயிருக்கிறேன். அது திமிர் என்று அப்பா நினைத்தார். வீட்டில் அம்மா என்ன நினைப்பார் என்ற பயம் எனக்கு.

வடமராட்சித் தகப்பன்

பிள்ளை, நீர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த வாங்கில் இருந்த மனிதனை எனக்குத் தெரியும்.

என் நிலைப்பாட்டை முழுதாக மாற்றிவிட்டேன் என்று சொன்னால் அது பொய். 14 ஆண்டுகள் நான் கட்டிய பணம் எதற்குச் செலவானது என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. மகனின் புள்ளிகளை அவன் படித்த டியூட்டரி வாசலில் ஒட்டிய பட்டியலில்தான் பார்த்தேன். படிக்கிற பிள்ளைக்குக் கொடுப்பது வேறு, கண் மறைவில் ஒரு கணக்குக்குப் போட்டுக்கொண்டே இருப்பது வேறு. என் மகன் பல்கலைக்கழகம் போனால் கொடுக்கிறேன். ஆனால் தாயின் கணக்குக்கு அல்ல, அவனுடைய கணக்குக்கு. ஒவ்வோர் ஆண்டும் பெறுபேற்றை எனக்குக் காட்ட வேண்டும். அதைக் கேட்பது பிழையா?

திருநெல்வேலி மாணவி

பெறுபேற்றைக் கேட்பது பிழை இல்லை ஐயா. என் அப்பா கேட்டிருந்தால் ஓடிப்போய்க் காட்டியிருப்பேன். ஒரு பாடத்தில் தவறினால் நிறுத்துவேன் என்று மிரட்டுவதுதான் பிழை. கணக்கு விடயத்தில் நான் உங்கள் பக்கம். வயது வந்த பிள்ளையின் பணம் அந்தப் பிள்ளையின் கைக்கு வரட்டும்.

கோட்டடி எழுதுவினைஞர்

அப்படி இணங்கியவர்களுக்கு நானே மனு எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கமும் சம்மதித்து, தொகையையும் எந்தக் கணக்கு என்பதையும் நீதவானிடம் சொல்லிக் கட்டளையாகப் பதிந்துவிடுங்கள். வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் இருக்கிறது.

கொக்குவில் தாய்

எல்லோரும் எழுதியதை மகளுக்கும் வாசித்துக் காட்டினேன். அந்த விறாந்தைக் கதை வந்த இடத்தில் அவள் எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

சீதனத்தைப் பற்றி மட்டும் என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 27 வயதில் மகளைக் கட்டிக் கொடுக்கக் கடன் வாங்கியாவது காசு தேடத் தயாராக இருக்கிற தகப்பன், 20 வயதில் அவள் படிக்கக் கேட்டால் கடமை முடிந்தது என்கிறார். குமருக்குச் செய்வதைப் புண்ணியமாக நினைக்கிற எங்கள் ஊரில், அந்தக் குமர் தன் காலில் நிற்கச் செய்வது ஏன் கணக்கில் வருவதில்லை? எனக்குச் சீதனக் காசு வேண்டாம். அதில் பாதியை இந்த நான்கு ஆண்டுக்குப் பிரித்துத் தந்தால் போதும்.

நேற்றிரவு மகள் தானே தகப்பனுக்குக் குறுஞ்செய்தி எழுதினாள். நான் ஒரு சொல்லும் சொல்லிக் கொடுக்கவில்லை. அனுமதிக் கடிதத்தின் படம், தன் வங்கிக் கணக்கு இலக்கம், மாதச் செலவுக் கணக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, ஒவ்வொரு பரீட்சைப் பெறுபேற்றையும் அனுப்புவேன் அப்பா என்று முடித்திருந்தாள். பதில் வரவில்லை, பார்த்துவிட்டார் என்று மட்டும் காட்டுகிறது. மாத முடிவு வரைக்கும் பார்ப்போம் என்கிறாள். அதற்குப் பிறகு தானே விண்ணப்பம் போடுவாளாம், நீதிமன்றத்துக்கு நானும் கூட வரக்கூடாதாம்.

இதற்கிடையில் பேராதனையில் படித்த பிள்ளை யாராவது இருந்தால் சொல்லுங்கள்: குளிருக்கு எந்த மாதிரிப் போர்வை கொடுத்துவிட வேண்டும்?