ஏஹெச்யூ மீட்டரில் சிவப்பு எண்ணெய்க் குழாயை ஏன் சாய்த்து வைத்திருக்கிறார்கள்?

ஏசி_ஈரோடு:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு மருத்துவமனையில் ஏசி பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ஆபரேஷன் தியேட்டருக்குக் காற்று அனுப்பும் ஏஹெச்யூவில் (ஏர் ஹேண்ட்லிங் யூனிட்), ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள காற்றழுத்த வித்தியாசத்தைக் காட்டும் ஒரு மீட்டர் இருக்கிறது. கிட்டத்தட்டப் படுத்த மாதிரி ஒரு குழாய், உள்ளே சிவப்பு எண்ணெய், 0 முதல் 25 மி.மீ. வரை கோடுகள். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் அந்த 25 மி.மீ. 25 செ.மீ. நீளம் வருகிறது! பம்ப் ரூமில் இருப்பது போல ஒரு வட்ட டயல் கேஜை மாட்டியிருக்கக் கூடாதா? இன்னொன்று: ஃபேனை நிறுத்திய பிறகும் எண்ணெய் 2-இல் நிற்கிறது. சூப்பர்வைசரிடம் கேட்டேன். "25 வந்தா ஃபில்டரை மாத்து" என்பதோடு முடித்துக்கொண்டார்.

பாய்லர்_கரூர்:
டயல் கேஜ் அங்கே உதவாது தம்பி. அதன் உள்ளே ஒரு பக்கம் அடைத்த, வளைத்த பித்தளைக் குழாய் இருக்கும். போர்டான் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-இல் காப்புரிமை வாங்கியது. அழுத்தம் ஏறினால் வளைவு கொஞ்சம் நிமிரும், பல்சக்கரம் அந்த அசைவைப் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். உங்கள் பம்ப் கேஜில் 1 கிலோ (ஒரு சதுர செ.மீ.க்கு) என்பது 10 மீட்டர் உயரத் தண்ணீர், அதாவது 10,000 மி.மீ. ஃபில்டரில் நீங்கள் பார்ப்பது வெறும் 25 மி.மீ. தண்ணீர் அளவு. முள் அசையவே அசையாது.

மில்_ஹியூமிடிட்டி:
நான் கோவைப் பக்கம் ஒரு நூல் மில்லில், காற்றின் ஈரப்பதத்தைக் காக்கும் ஹியூமிடிட்டி பிளாண்ட்டில் 31 வருடம் இருந்தவன். நீங்கள் ஸ்கேல் வைத்து அளந்தீர்கள் பாருங்கள், விடை அதிலேயே இருக்கிறது.

எங்கள் மில்லில் பழைய ஆயில் பேரல்களை லாரியில் ஏற்றுவோம். ஒன்று ஏறத்தாழ 200 கிலோ. லாரித் தளம் 4 அடி உயரம். 12 அடிப் பலகை இரண்டைச் சாய்த்துப் போட்டு உருட்டினால் 67 கிலோ அளவு தள்ளினால் போதும், மீதிச் சுமையைப் பலகை தாங்கிக்கொள்ளும். அதோடு, கயிற்றின் ஒரு நுனியை லாரியில் கட்டி, பேரலுக்கு அடியில் சுற்றி, மறு நுனியை மேலே நின்று இழுப்பார்கள். அது பாதியாகி 33 கிலோ. இரண்டு பேர் இழுத்தால் ஆளுக்கு 17 கூட இல்லை. அதற்கு ஈடாக, 4 அடி ஏற்ற 24 அடிக் கயிறு இழுக்க வேண்டும்.

இப்போது பேரலுக்குப் பதில் எண்ணெயை வையுங்கள். நேர்க்குழாயில் ஒரு சிறு அழுத்தம் எண்ணெயை 10 மி.மீ. தூக்கி நிறுத்துகிறது என்றால், பத்துக்கு ஒன்று சாய்ந்த குழாயில் அதே அழுத்தம் 100 மி.மீ. நீள எண்ணெயைத் தாங்கும். மீதி எடையைத் தாங்குவது குழாயின் சுவர், பலகையைப் போலவே. செங்குத்து உயரம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் ஒரு மி.மீ. வித்தியாசம் ஒரு செ.மீ. ஆக விரிவதால் கண்ணுக்குத் தெரிகிறது.

ஃபேன் நின்றும் 2 காட்டுவதை அப்படியே விடாதீர்கள். மீட்டரின் உடம்பில் ஒரு குமிழி லெவல் இருக்கும், கொத்தனார் மட்டப்பலகையில் இருப்பது போல. குமிழி நடுவில் இருக்கிறதா பாருங்கள். இந்தச் சாய்வு 6 டிகிரிக்கும் குறைவு. மீட்டர் ஒரே ஒரு டிகிரி திரும்பினாலும் ஆறில் ஒரு பங்கு தப்பு வரும், பூஜ்யமும் நகரும். லெவலைச் சரிசெய்து, இரண்டு ரப்பர் டியூபையும் கழற்றிவிட்டு, பூஜ்யம் திருகைத் திருப்பி 0-இல் நிறுத்துங்கள்.

எண்ணெய் குறைந்திருந்தால் அந்த மீட்டருக்கு உரிய எண்ணெயையே ஊற்றுங்கள். ஒருமுறை நான் அவசரத்துக்குத் தண்ணீரில் சிவப்பு மை கலந்து ஊற்றிவிட்டேன். எங்கள் மீட்டரின் எண்ணெய் தண்ணீரைவிட லேசு, ஒப்படர்த்தி 0.826. கோடுகள் அதற்கென்றே போட்டவை. உண்மையில் 20 மி.மீ. இருந்தபோது மீட்டர் 16.5 காட்டியது. நான் அதை நம்பி, ஃபில்டரை இன்னும் ஒரு மாதம் ஓட்டினேன். கழற்றிப் பார்த்தால் பஞ்சு கம்பளி மாதிரி அப்பிக்கிடந்தது. ஈரக்காற்று சரியாகப் போகாமல், ஸ்பின்னிங்கில் அந்த மாதம் முழுக்க நூல் அறுந்துகொண்டே இருந்தது. அங்கே வேலை செய்த பெண்கள் பட்ட பாடு இன்னும் மனதில் இருக்கிறது. உங்களுடையதோ ஆபரேஷன் தியேட்டர், தம்பி.

எட்டாம்_வகுப்பு_டீச்சர்:
ஐயா, சாய்தளம் ஒரு பாடம், அழுத்தமானி வேறொரு பாடம் என்றுதான் இத்தனை நாள் நடத்தினேன். ஒரு சந்தேகம்: குழாயை இன்னும் படுக்க வைத்தால் இன்னும் நுட்பமாக அளக்கலாமே?

மில்_ஹியூமிடிட்டி:
அளக்கலாம் அம்மா, ஆனால் ரொம்பப் படுத்துவிட்டால் எண்ணெயின் முனை வளைந்து நீண்டு, எந்த இடத்தைப் படிப்பது என்றே தெரியாது. லெவல் தப்பும் பெரிதாகும். வகுப்பில் செய்து காட்ட, ஒளி ஊடுருவும் டியூபை ஒரு அட்டையில் ஒட்டி, பத்துக்கு இரண்டு சாய்வு வைத்தாலே போதும்.

ஏசி_ஈரோடு:
பார்த்துவிட்டேன் அண்ணா. குமிழி இடது ஓரத்தில் ஒட்டிக்கிடந்தது, கீழ்த் திருகு ஒன்று லூஸ். சரிசெய்து 0 வைத்த பிறகு ஃபேன் போட்டேன், 8.5 காட்டுகிறது. காலையில் 11 என்று ரிஜிஸ்டரில் எழுதியிருந்ததை அடித்து, பக்கத்தில் காரணத்தையும் எழுதிவைத்தேன்.