மேல்நிலை வகுப்பு மறைக்கல்விக்கு உதவி தேவை

இயேசுவுக்கே புகழ்! பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி (கத்தோலிக்க நம்பிக்கை, ஒழுக்கம் பற்றிய வகுப்பு) எடுக்கிறேன். பத்துக் கட்டளைகளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். "தேர்வில் நண்பனுக்கு விடை காட்டினால் பாவமா சார், உதவிதானே?" என்று ஒருவன் கேட்டதும் வகுப்பே இரண்டாகிவிட்டது. திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1750ஆம் எண்ணில் சொல்கிற செயல், நோக்கம், சூழ்நிலை மூன்றையும் வைத்து விளக்கினேன். நல்ல நோக்கம் தவறான செயலைச் சரியாக்காது என்ற இடத்தில்தான் சண்டை. (சண்டை போட்டால் எனக்குச் சந்தோஷம்தான், அது வேறு.)

அடுத்து மனச்சான்று பாடம். வாட்ஸ்அப் வதந்தி, கேலி மீம், சாதிப் பெருமை என்று அவர்கள் புழங்கும் இடத்திலிருந்தே எடுத்த சம்பவங்கள் யாரிடமாவது உண்டா? 2025இல் புனிதரான, கணினி ஆர்வமுள்ள இத்தாலியச் சிறுவர் கார்லோ அக்குதிஸ் பற்றி ஏற்கெனவே சொல்லியாயிற்று. அறிவுரை வேண்டாம், வகுப்பில் நடத்திப் பார்த்ததாக இருந்தால் அனுப்புங்கள்.